கடித்தபோதும் கையை இழுக்காத அண்ணிக்கு

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்து எனக்கும் சொந்தமாகிப்போன விஜயா அண்ணிக்கு,

மொளகா நன்றாக இருக்கிறான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எங்கே போய்விட்டுத் திரும்பினாலும், செருப்பைக் கழற்றும் முன்னாலேயே "பையன் சாப்ட்டானா?" என்றுதான் கேட்பீர்கள். அண்ணன் சாப்பிட்டாரா, நான் சாப்பிட்டேனா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். சாப்பிட்டான், அண்ணி. பப்பாளித் துண்டு, வேகவைத்த முட்டையில் கொஞ்சம், கடைசியில் தேன் கலந்த தண்ணீர். வால் நுனியில் மட்டும் முடி இன்னும் சரியாக வளரவில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை மற்றவர்களும் படிப்பார்கள். அவர்களுக்கு உங்களைத் தெரியாது. அதனால் உங்களுக்கே தெரிந்த சங்கதிகளையும் நடுநடுவே சொல்லிக்கொண்டு போவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் கலெக்டர் ஆபீஸ் போகிற ரோட்டில் வரிசையாக ஜெராக்ஸ் கடைகள் வந்தன. அதில் ஒன்று உங்களுடையது. பட்டா, வாரிசுச் சான்றிதழ், ஆதாரில் பேர் திருத்தம் என்று வருகிறவர்களில் பாதிப் பேர் கோபமாகத்தான் வருவார்கள். நாலு ஆபீஸில் அலைந்த எரிச்சலை உங்கள் கடையில் இறக்கிவைப்பார்கள். நீங்கள் குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை. "உக்காருங்க. தண்ணி குடிங்க. இன்னா ஆச்சுன்னு மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்பீர்கள். கத்திக்கொண்டு வந்தவர் போகும்போது, "வரேம்மா, வூட்டுப் பக்கம் வந்தா வாங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்.

என் கல்யாணம் சரிப்படாமல் நான் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தபோது தெருவே வேடிக்கை பார்க்கக் காத்திருந்தது. நாத்தனாரும் அண்ணியும் ஒரே வீட்டில் எத்தனை நாளைக்கு என்று நம் சொந்தக்காரர்களே பேசிக்கொண்டார்கள். நீங்களோ மாடி அறைக்கு வெள்ளையடித்து, புது மின்விசிறி மாட்டிவைத்திருந்தீர்கள். ரத்தப் பரிசோதனை லேபில் எனக்கு வேலை கிடைத்த அன்றைக்குக் கடையை மூடிவிட்டு வந்து பாயசம் வைத்தீர்கள். இதற்கெல்லாம் நான் எப்போதாவது நன்றி சொல்லியிருக்கிறேனா? சொன்னால் சிரித்திருப்பீர்கள்.

மொளகா வந்த கதைக்கு வருகிறேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் பஸ் டிக்கெட் பிரிண்ட் எடுக்க உங்கள் கடைக்கு வந்தான். கையில் துணி போட்டு மூடிய கூண்டு. ஆசைப்பட்டு வாங்கிய சுகர் கிளைடர். அணில் அளவுதான் இருக்கும், ஆனால் அணில் இல்லை. சாம்பல் நிறம், முதுகில் ஒரு கறுப்புக் கோடு, முகத்தில் பாதி கண்ணே. முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவில் தோல் விரியும், அதை விரித்துக்கொண்டு காற்றில் மிதந்து வரும். கங்காரு மாதிரி வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கிற இனமாம். ஊருக்குக் கொண்டுவந்தவனுடைய அம்மாவின் கட்டைவிரலை அது கடித்துக் குதறிவிட்டது. இனி வீட்டில் வைக்கமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

"வெள்ளிமலை பக்கம் போற வண்டியில ஏத்தி வுட்டுடலாம்னு இருக்கேங்க்கா. காட்டு ஐட்டம்தானே?" என்றான்.

நீங்கள் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிப் பார்த்தீர்கள். "தம்பி, இது வேற தேசத்து உசுரு. அதுவும் கூண்டுலயே பொறந்து கூண்டுலயே வளந்தது. கல்வராயன் மலையில அதுக்கு யாரத் தெரியும்? இங்க வெச்சிட்டுப் போ."

அப்படித்தான் வந்தான். கூண்டுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே ஒரு சத்தம் போடுவான். காய்ந்த மிளகாயை மிக்ஸியில் போட்டு ஓட்டினால் வருமே, அந்தச் சத்தம். பின்னங்காலில் நின்றுகொண்டு, வாயைத் திறந்து, மேலே பாய்வான். "அடேயப்பா, மொளகா அரைக்கிறான்டி இவன்" என்றீர்கள். பேர் அதுவே ஆகிவிட்டது.

முதல் கடியை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். உங்கள் ஆள்காட்டி விரலில் பல் இறங்கி ரத்தம் வழிந்தது. நீங்கள் கையை இழுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் நிற்க, அப்படியே வைத்திருந்தீர்கள். அவன் தானாக விட்ட பிறகுதான் மெதுவாகக் கையை எடுத்தீர்கள். நான் பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

"வலிக்கலையா அண்ணி?"

"வலிக்காம இன்னா? ஆனா இழுத்தேன்னு வெச்சிக்கோ, கடிச்சா கை போயிடும்னு அதுக்குப் பதிஞ்சிடும். நாளைக்கும் கடிக்கும். அது கோவத்துல கடிக்கல பரிமளா, பயத்துல கடிக்குது. நாம எவ்ளோ பெருசு! நம்ம கை உள்ள வந்தா, வூட்டுக்குள்ள லாரி வந்த மாதிரி இல்ல அதுக்கு?"

அண்ணன் கதவோரம் நின்று யோசனை சொன்னார். "மூக்குல ஒரு சுண்டு சுண்டு. அடங்கிடும்."

"உங்கள யாராவது சுண்டுனா நீங்க அடங்குவீங்களா?" என்றீர்கள். அண்ணன் அதற்கப்புறம் யோசனை சொல்லவில்லை.

உங்கள் பழைய நைட்டியை வெட்டி ஒரு பை தைத்தீர்கள். முதலில் அதை நீங்களே இரண்டு நாள் இடுப்பில் செருகிக்கொண்டிருந்து, உங்கள் வாசனை ஏறிய பிறகு கூண்டுக்குள் தொங்கவிட்டீர்கள். அவன் உள்ளே போய்ச் சுருண்டு தூங்கிப் பழகியதும், தூங்குகிறவனைப் பையோடு எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடைக்குப் போக ஆரம்பித்தீர்கள். பகலெல்லாம் தூங்கும் பிராணி, உங்கள் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே தூங்கும். "கழுத்துல இன்னாம்மா, கோயில் பிரசாதமா?" என்று கேட்டவர்களிடம், "உள்ள ஒருத்தரு தூங்கறாரு, மெதுவா பேசுங்க" என்பீர்கள். ஜெராக்ஸ் கடையே கொஞ்ச நாள் கிசுகிசுவென்று பேசியது.

சாயங்காலம் கொசுவலை. கட்டிலுக்கு வலையைக் கட்டி, ஓரமெல்லாம் மெத்தைக்கு அடியில் செருகி, அவனை உள்ளே விட்டு நீங்களும் உட்கார்ந்துகொள்வீர்கள். அவனைத் தொடவும் மாட்டீர்கள், பார்க்கவும் மாட்டீர்கள். அன்றைக்குக் கடையில் நடந்ததை மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். யாருக்கு வாரிசுச் சான்றிதழ் வந்தது, யார் அழுதார்கள், கரண்ட் எத்தனை மணிக்குப் போனது, எல்லாம். முதல் வாரம் அவன் மூலையை விட்டு அசையவில்லை. அப்புறம் உங்கள் கால் விரலை முகர்ந்து பார்த்தான். அப்புறம் முழங்காலில் ஏறினான், ஓடிவிட்டான். அவசரமே இல்லை உங்களுக்கு. எனக்கும் அண்ணனுக்கும்தான் தாங்கவில்லை. டிவியை அணைத்துவிட்டு வலைக்கு வெளியே தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒரு நாள் அவன் வலையின் உச்சியில் தொற்றிக்கொண்டு உங்களையே பார்த்தான். நீங்கள் பேச்சை நிறுத்தவில்லை. சட்டென்று நாலு காலையும் விரித்து, ஒரு கைக்குட்டை விழுகிற மாதிரி மிதந்து வந்து உங்கள் தோளில் உட்கார்ந்தான். நீங்கள் எங்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தீர்கள். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, அண்ணி. பிள்ளை இல்லை என்று ஊரார் பேசியதற்கெல்லாம் ஒரு நாளும் முகம் வாடாதவர் நீங்கள். அன்றைக்கு அழுதீர்கள்.

போன ஐப்பசியில் விடாத மழை. அன்றைக்கு மழையில் நனைவான் என்று மொளகாவை வீட்டில் விட்டுப் போனீர்கள். மதியம் தலை வலிக்கிறது என்று மேஜையில் சாய்ந்தவர்தான். பக்கத்துக் கடைக்காரர்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது. தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள். தினமும் ரத்தம் எடுக்கிற வேலை செய்கிறேன். என் வீட்டிலேயே ஒருவருக்கு இருந்த ரத்த அழுத்தம் எனக்குத் தெரியவில்லையே என்று எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். நீங்கள் இருந்தால், "ஆமா, நீ கடவுளு" என்று தலையில் தட்டியிருப்பீர்கள்.

பறை, வெடி, ஊதுபத்தி, உறவுக்கூட்டம். யாரோ கூண்டைத் தூக்கிக் குளியலறையில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். நான் நினைவு வந்தபோதெல்லாம் பழத்துண்டைப் போட்டுவிட்டு வருவேன். எல்லோரும் கிளம்பிப் போனபிறகுதான் அவனைச் சரியாகப் பார்த்தேன். பையை விட்டு வெளியே வரவில்லை. "டேய் மொளகா" என்று கையை உள்ளே விட்டேன். நகத்துக்குக் கீழே எலும்பு வரைக்கும் பல் இறங்கியது.

நான் இழுத்துவிட்டேன், அண்ணி. கத்தியும் விட்டேன். நீங்கள் சொன்னதெல்லாம் அந்த நேரத்தில் எங்கே நினைவுக்கு வரும்?

அதிலிருந்து அவன் பழைய மொளகா ஆகிவிட்டான். பழையதைவிட மோசம். கூண்டைத் தாண்டி நடந்தாலே மிக்ஸி சத்தம். தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றுவதற்கே பயந்தேன். அண்ணன் லோடு இறக்கும்போது போடும் தடித்த கையுறையைப் போட்டுக்கொண்டு கையை விட்டேன். அதைப் பார்த்ததும் இன்னும் வெறி பிடித்த மாதிரி பாய்ந்தான். லேபுக்கு வருகிறவர்கள் என் விரல் கட்டுகளைப் பார்த்து, "இன்னா மேடம், உங்களுக்கே ஊசி போட்டுக்கினீங்களா?" என்று கேட்டார்கள். எத்தனையோ பேருக்கு ஊசி குத்தியவள் நான். அந்தச் சின்ன வாய்க்குப் பயந்து பழத்தைக் குச்சியில் குத்தி நீட்டினேன்.

அப்புறம் அவன் தன்னையே கடிக்க ஆரம்பித்தான். பஞ்சு மாதிரி இருந்த வாலின் நுனியில் முடி போய், தோல் சிவந்து, ஒரு நாள் கூண்டின் தரைத்துணியில் ரத்தம் இருந்தது.

அண்ணனைப் பற்றியும் சொல்லவேண்டும். நீங்கள் போன அன்றைக்கும் அவர் அழவில்லை, காரியத்தன்றும் அழவில்லை. காலையில் குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு போவார், மளிகைச் சாமான் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவார், வருவார், படுத்துக்கொள்வார். நான் ஏதாவது கேட்டால் பதில் சொல்வார். தானாக ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒரு நாள் மொளகா சத்தம் போட்டபோது தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நாளைக்கு வெள்ளிமலைக்கு லோடு போவுது. இத எடுத்துக்கினு போயி அங்க வுட்டுடறேன்."

"அண்ணி இன்னா சொன்னாங்கன்னு தெரியும் இல்ல? அது பொழைக்காதுண்ணா."

"இங்க மட்டும் பொழைக்குதா? தன்னையே தின்னுக்கினு இருக்குது. அந்தச் சத்தம் கேக்கும்போதெல்லாம் அவ உள்ளேர்ந்து 'இன்னாடா மொளகா'ன்னு வருவான்னு தோணுது. வர்றதில்ல. என்னால முடியல பரிமளா."

லேபுக்கு லீவு சொல்லிவிட்டு, காலையில் நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். கூண்டு என் மடியில். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, மலை ஏறினோம். வளைவுகளில் வண்டி திரும்பும்போதெல்லாம் பைக்குள் இருந்து ஒரு முனகல் வரும்.

பாதி மலையில் ஓரமாக வண்டியை நிறுத்தினார். கூண்டை வாங்கிக்கொண்டு சாலையை விட்டு இறங்கி, ஒரு பெரிய மரத்தடியில் வைத்துக் கதவைத் திறந்தார். நான் பின்னாலேயே போனேன். நல்ல வெயில் நேரம், அவன் தூங்கும் நேரம். வெளியே வரவில்லை. "போடா" என்றார் அண்ணன். அவன் பைக்குள்ளேயே இருந்தான். மேலே ஏதோ பருந்து கத்தியது. அவ்வளவுதான், பைக்குள் மிளகாய் அரைபட ஆரம்பித்தது.

அண்ணன் பையோடு வெளியே எடுக்கலாம் என்று கையை உள்ளே விட்டார். கடித்துவிட்டான். பெருவிரலை வாய்க்குள் வாங்கிக்கொண்டு அழுத்தினான்.

அண்ணன் கையை இழுக்கவில்லை.

குனிந்தபடியே நின்றார். விரலில் இருந்து ரத்தம் சொட்டியது. "வுடுண்ணா, வெளிய எடுண்ணா" என்று நான் கத்தினேன். "இழுக்கக் கூடாதுன்னு சொல்லுவா இல்ல" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. மொளகா விட்டபிறகும் அவர் கையை எடுக்கவில்லை. அந்த மரத்தடியில் மண்டிபோட்டு, ஒரு கையைக் கூண்டுக்குள் வைத்துக்கொண்டு, உங்கள் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதார். கீழே இருந்து ஏறி வந்த பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்ய?

அழுது முடித்தபின் கூண்டுக் கதவை அவரே மூடினார். "இத எந்த டாக்டர் பாப்பாரு?" என்று கேட்டார்.

இங்கே இருக்கும் கால்நடை டாக்டர், "மாடு, ஆடு, நாய்னா நான் பாப்பேன். இதப் பாக்கத் தெரிஞ்சவங்க பாண்டிச்சேரியில இருக்காங்க" என்று வெளிப்படையாகச் சொல்லி, அங்கே ஒரு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டும் கொடுத்தார். போனோம். அந்த அம்மா அவனைத் துணியோடு உள்ளங்கையில் ஏந்தி, வாய், பல், வால் எல்லாம் பார்த்தார். உடம்பில் வேறு வலி ஏதும் இருந்தால்கூட இப்படிக் கடிக்கும், அதைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்றார். பல்லில் கோளாறு இல்லை. வால் புண்ணுக்கு மருந்து கொடுத்து, கடிக்காமல் இருக்கக் கழுத்துக்கு மெத்தென்று ஒரு பட்டை போட்டார்.

"வளந்த ஆண். கருத்தடை பண்ணிட்டா வேகம் கொஞ்சம் கொறையும். ஆனா அது மட்டும் போதாது. இது கூட்டமா வாழற பிராணி, துணைக்கு இன்னொண்ணு வேணும். வூட்டுல அதுக்குன்னு ஒரு ஆளு இருந்தாங்களா?" என்று கேட்டார்.

நான்தான் உங்களைப் பற்றிச் சொன்னேன். நைட்டிப் பையை, கொசுவலையை, கையை இழுக்காததை எல்லாம் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தாங்க அவங்களுக்கு?" என்றார். யாரும் இல்லை, கடையில் வேலை இல்லாத நேரத்தில் அவர்களே தேடிப் படித்தார்கள், பாதியை அவர்களே யோசித்துச் செய்தார்கள் என்றேன். "நல்லாப் பண்ணியிருக்காங்க. அவங்க வாசனை அதுக்குத் தெரியும். அத வெச்சே உங்க வாசனையப் பழக்குங்க" என்றார். உங்களை ஒருவர் பாராட்டுவதைக் கேட்க நீங்கள் இல்லையே என்று இருந்தது எனக்கு.

ஆபரேஷன் முடிந்து, வால் ஆறி வீட்டுக்கு வந்தபிறகு புதுச் சிக்கல். உங்கள் வாசனைக்கு எங்கே போவது? பழைய பை அவன் ரத்தமும் மருந்தும் பட்டு ஊறிப்போயிருந்தது. பீரோவில் இருந்த புடவைகளில் வெறும் சோப்பு வாசனைதான். நான் எல்லாவற்றையும் எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்ததை அண்ணன் பார்த்தார். உள்ளே போய், தன் தலையணை உறைக்குள் கைவிட்டு, நீலப்பூ போட்ட உங்கள் நைட்டியை எடுத்துவந்தார். கடைசியாக நீங்கள் போட்டிருந்து, துவைக்காமல் கொடியில் கிடந்தது. யாருக்கும் தெரியாமல் இத்தனை நாளாக அதை வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார்.

கத்தரிக்கோலையும் அவரே எடுத்துவந்தார். நடுவில் வெட்டச் சொன்னார்.

"பாதி எனக்கு இருக்கட்டும். பாதி அதுக்கு" என்றார்.

என் கையால் வெட்டமுடியவில்லை, அண்ணி. அவரே வெட்டினார். அந்தப் பாதியையும் என் பழைய சுடிதார்த் துணியையும் சேர்த்து ஒரு பை தைத்தேன். உங்களைப் போல நேராக வரவில்லை, கோணல் தையல்தான். அதற்குள் முகத்தை விட்டவன் வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. அன்றைக்குச் சத்தமும் போடவில்லை.

கொசுவலையை மறுபடி கட்டினேன். நீங்கள் உட்கார்ந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. லேபில் யாருக்குச் சர்க்கரை ஜாஸ்தி, யாருக்கு ரத்தம் கம்மி என்று பேர் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். கடித்தான். கையை இழுக்காமல் இருக்கப் பழகினேன். பாதி நாள் முடிந்தது, பாதி நாள் இழுத்துவிட்டேன். நீங்கள் இதை எல்லாம் எப்படிச் சிரித்த முகத்தோடு செய்தீர்கள்? எங்கள் வீட்டிலேயே இருந்து, எங்களுக்குச் சமைத்துப்போட்டு, கடையையும் பார்த்துக்கொண்டு இதையும் செய்தவர் நீங்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூடவே இருந்தபோது, அண்ணி ஏதோ ஆசைக்கு ஒரு பிராணி வளர்க்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

பங்குனி வெயில் ஆரம்பித்தபோது அவன் என் முழங்காலில் ஏறினான். ஏறி, பல்லால் விரலைப் பிடித்தான். அழுத்தவில்லை. விட்டுவிட்டு நாக்கால் நக்கினான்.

டாக்டரம்மா சொன்ன துணையும் கிடைத்தது. விழுப்புரத்தில் ஒரு வீட்டில், ஜோடி செத்துப்போய்த் தனியாக இருந்த பெண் கிளைடர். நல்ல வீட்டில் இருக்கட்டும் என்று கொடுத்தார்கள். சக்கர என்று பேர் வைத்தது அண்ணன்தான். "மொளகாவுக்குச் சக்கரதான் பொருத்தம்" என்றார். நீங்கள் போனபிறகு அவர் விளையாட்டாகப் பேசிய முதல் பேச்சு அது.

பேர் வைத்த மாதிரி எல்லாம் நடக்கவில்லை. கூண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்து மிளகாய் அரைத்தன. இவன் பையை அவளுக்கும், அவள் பையை இவனுக்குமாக மாற்றி மாற்றிப் போட்டுப் பழக்கினோம். இருவருக்கும் சொந்தமில்லாத இடமாக இருக்கவேண்டும் என்பதால் குளியலறையைக் கழுவித் துடைத்து, வாளித் தண்ணீரை எல்லாம் கொட்டிவிட்டு, அங்கே சந்திக்க விட்டோம். நொடியில் ஒரு பந்தாகச் சுருண்டு உருண்டார்கள். முடி பறந்தது. நான் துண்டைப் போட்டுப் பிரித்தேன். கையை நடுவில் விட்டிருந்தால் விரலே மிஞ்சியிருக்காது. "சம்பந்தம் முறிஞ்சிடும்போல இருக்குதே" என்றார் அண்ணன். அடுத்த நாளும் சண்டை. அதற்கடுத்த வாரமும். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த என்னிடம் அண்ணன், "நீ எழுந்துக்க. இன்னிக்கி நான் உக்கார்றேன்" என்றார். பெரிய உடம்பைச் சுருக்கிக்கொண்டு குளியலறைத் தரையில் உட்கார்ந்து, எந்தெந்த ஊரில் எந்தெந்தக் கடையில் லோடு இறக்கினார் என்று அவர்களுக்கு ஒப்பித்தார். நான் வெளியே நின்று கேட்டேன். நீங்கள் போனபிறகு அத்தனை நேரம் அவர் பேசி நான் கேட்டதில்லை.

எந்த நாளில் சண்டை நின்றது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சக்கர இருந்த கூண்டு காலியாக இருந்தது. பதறிப்போய்த் தேடினேன். இரண்டு கூண்டுக் கதவையும் நான்தான் சரியாகச் சாத்தாமல் விட்டிருக்கிறேன். கோணல் பைக்குள் எட்டிப் பார்த்தால் இரண்டு மூக்கு. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடையைப் பற்றிக் கேட்பீர்கள். இன்னும் மூடவில்லை. காலையில் லேப், மூன்று மணிக்கு மேல் நான் போய்த் திறக்கிறேன். உங்கள் அளவுக்குப் பொறுமை எனக்கு வரவில்லை. போன மாதம் ஒருவரோடு சண்டையே போட்டுவிட்டேன். மறுநாள் அவரே வந்து, "அந்தம்மா இருந்திருந்தா இப்டிப் பேச மாட்டாங்க" என்றார். "ஆமாங்க, அது அவங்க. நான் அவங்க நாத்தனார்" என்றேன். சிரித்துவிட்டுப் பட்டா நகல் எடுத்துக்கொண்டு போனார்.

கடைசியாக நேற்று நடந்தது. சாயங்காலம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. உளுந்தூர்பேட்டை மெயின் ரோட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் புருஷன் பெண்டாட்டி. அந்த அம்மாவின் கையில் துண்டு போட்டு மூடிய கூண்டு, விரல் எல்லாம் கட்டு. பெண்ணின் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த சுகர் கிளைடராம். பெண் இப்போது அந்த அறைக்கே போகமாட்டேன் என்கிறாளாம்.

"விஜயாக்கா வூடு இதானுங்களே? முன்ன ஒரு தடவ சான்றிதழ் எடுக்க வந்தப்ப கழுத்துல பையோட இருந்தாங்க. கடிக்கிறதக்கூடப் பழக்கிடலாம்னு சொன்னாங்க. எங்களுக்கு வேற யாரயும் தெரியாது. அவங்க இருக்காங்களா?"

அண்ணன் உள்ளே இருந்து வந்தார். கூண்டைப் பார்த்தார். உள்ளே மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது.

"அவ இல்லீங்க, தவறிட்டா" என்றார். அந்த அம்மா ஐயோ என்று வாயில் கை வைத்தார். திரும்பிப் போவதா நிற்பதா என்று இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நாங்க இருக்கோம். உள்ள வாங்க" என்றார் அண்ணன். "உங்க பொண்ணு போட்டுப் பழசான துணி ஏதாவது இருக்குதா? துவைக்காததா வேணும். அதோட அந்தப் பாப்பாவும் வரணும். நாங்க பழக்கிக் கொடுத்தா அது எங்களத்தான் நம்பும். பயப்படாம வரச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். புதிதாக வந்தது இப்போது மாடியில் என் அறையில்தான் இருக்கிறது. எங்களைப் பார்த்தாலே பாய்கிறது. நல்ல வெறி.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அண்ணி. உங்களைப் போல என்னால் சிரித்துக்கொண்டு இருக்க முடியாது. கடித்தால் கத்துவேன், நாலு வார்த்தை திட்டியும் விடுவேன். ஆனால் பயந்துகொண்டு இந்த வாசலுக்கு வரும் எந்த உயிரையும், அது நாலு காலில் வந்தாலும் சரி, கூண்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு காலில் வந்தாலும் சரி, இந்த வீட்டில் இருந்து திருப்பி அனுப்பமாட்டோம். அண்ணனும் நானும் இருக்கிற வரைக்கும்.

என்றும் உங்கள் நாத்தனார்,
பரிமளா
கள்ளக்குறிச்சி